மஞ்சள் அம்பு இறங்கிய நண்பகல்

இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு, அக்டோபர் மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் மணி. கருங்குளம் தாண்டி ஸ்ரீவைகுண்டம் போகும் சாலையிலிருந்து ஆற்றை நோக்கிப் பிரியும் மண்பாதையில், ஸ்கூட்டரில் ஒரு பெண் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். பெயர் ஃபெபி. வயது முப்பத்துநான்கு. முதுகில் மடிக்கணினி. கைப்பையில் ஒரு தாள். அதில் அவளுடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பேய் வரும் கதை நள்ளிரவில்தானே நடக்க வேண்டும் என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. இது உச்சிவெயிலில் நடந்தது. நடந்த நேரத்தை மாற்றிச் சொல்வது முறையன்று. ஃபெபி வேறு யாருமில்லை, நம் கெசியா டீச்சரின் தங்கை மகள். கெசியா ஒன்றைக் கூட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் வரும்வரை நமக்கும் வேறு வேலை இல்லை.

பாதையின் இரு பக்கமும் வாழை. ஆள் நடமாட்டம் இல்லை. இலை அசையவில்லை. ஆற்றங்கரை இன்னும் அரை மைல் இருக்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. சாக்கடை நாற்றம் அன்று. செத்த எலியின் நாற்றமும் அன்று. நனைந்த துணியை வாளியில் போட்டு மூடி, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வருமே, அது. அதற்கு அடியில், இறைச்சிக் கழிவின் ஒரு மெல்லிய இனிப்பு. ஃபெபி துப்பட்டாவின் நுனியை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

துணி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம், நமக்குத் தெரியும். மேலே படித்துறைகளில் அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் முழுகுகிறது. உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்படியே செய்கிறார்கள். திரும்பிப் பாராதவனுக்கு அவன் விட்ட துணி எங்கே போய்ச் சிக்குகிறது என்பது எப்படித் தெரியும்? பாவம் கழிகிறதோ இல்லையோ, பாலியெஸ்டர் கழிவதில்லை. அது மதகுகளில் சிக்கி, நாணலில் சுற்றி, அழுகி, ஆட்டுக்குடலும் கோழியிறகும் சேர்ந்துகொள்ள, கடைசியில் நீரேற்று நிலையத்தின் கிணற்றுவாயில் வந்து அடைந்துகொள்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பதினோரு ஊர்கள் குடிக்கின்றன.

அந்த நிலையத்துக்குத்தான் ஃபெபி போனாள். அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

அவள் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தாள். முதலாளி சிவசங்கரன். கிணற்றுக்குள் தொங்கும் மீட்டரிலிருந்து தண்ணீரின் அழுக்கை எண்ணாக வாங்கி, அரை என்ற வரம்பை அது தாண்டினால் மணியடித்துப் பம்பை நிறுத்தும் நிரல் அவர்களுடையது. அதில் பெரும்பகுதி ஃபெபி எழுதியது.

அந்த நிலையத்தின் காவலாளியும் பம்பு இயக்குபவரும் ஒருவரே: அருமைநாயகம். செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, அடைப்பைத் தானே பார்க்க அவர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கினார். ஏறவில்லை. அதற்கு முன்பு மூன்று முறை மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார், தண்ணீர் நாறுகிறது என்று. மூன்று முறையும் ஒரே பதில் வந்தது: “திரையில பாயின்ட் மூணுதான வே காட்டுது? உம்ம மூக்க நம்பவா, மெசின நம்பவா?” மணி அடிக்கவில்லை; பம்பு நிற்கவில்லை. ஆகையால், அபாயமே இல்லாத இடத்தில் ஒருவன் தானாகப் போய் இறங்கினான் என்றால் அவன் குடித்திருக்க வேண்டும் என்று விசாரணையில் எழுதத் தயாராகிவிட்டார்கள். நிரலில் பிழையில்லை என்று அதை எழுதிய நிறுவனம் சான்று கொடுத்துவிட்டால் போதும். அந்தச் சான்றுதான் ஃபெபியின் கைப்பையில் இருந்த தாள்.

மூன்று நாள் முன்னால் அருமைநாயகத்தின் மனைவி முத்துராணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“எம்மா, அவிய தண்ணியையும் காப்பியையும் தவிர வேற எதையும் தொட்டதில்ல. குடிச்சிட்டு விழுந்துட்டாவன்னு எழுதப்போறாவளாம். அவிய போனதுக்கு எனக்குத் தரவேண்டிய வேல கெடைக்காட்டாப் போவட்டும்மா. எம் புள்ளைய பள்ளிக்கூடத்துல ‘குடிகாரன் மவ’ங்காவ. அவ சாப்பிட மாட்டேங்கா.” சேலை நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். “அந்த மெசினுதாம்மா பொய் சொல்லிருக்கு. ஒரு தடவ உள்ள எறங்கிப் பாத்துச் சொல்லு.”

“அது நான் எழுதின புரோகிராம்க்கா,” என்றாள் ஃபெபி. “பொய் சொல்லாது.”

பெருமையாகத்தான் சொன்னாள். வேலையில் அவ்வளவு ஒழுங்கானவள். ஆயினும் அந்தப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்ற பேச்சு அவளை விடவில்லை. அதனால்தான் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போடாமல், நிலையத்துக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று கிளம்பினாள். பாதிவழியில் சிவசங்கரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்னம்மா, இன்னும் அங்கன போய்ச் சேரலியா? ஒப்புக்கு ஒரு தடவ ஓட்டிட்டுக் கையெழுத்தப் போட்டு அனுப்பிரு. அஞ்சு மணிக்கு விசாரணை ஆபீசப் பூட்டிருவாவ.”

“ஒப்புக்கு எதுக்கு சார்? நல்லாவே பாத்துட்டு அனுப்புதேன்.”

“ம்... பாரு, பாரு,” என்று வைத்துவிட்டார்.

நிலையம் என்பது ஒரே அறை. நடுவில் கிணற்றுவாய், அதன்மேல் கனமான இரும்பு வலை. ஒரு மூலையில் பம்பு, எதிர்மூலையில் மேசையும் கணினியும். மேசையில் உட்காருகிறவருக்கு முதுகுப்பக்கம் கிணறு. புதிதாக வேலைக்கு வந்திருந்த சேக் முகம்மது வாசலிலேயே நின்றார். ஐம்பது வயது தாண்டியவர். சட்டைப்பையில் அத்தர் பஞ்சு.

“வா பிள்ள. சாவி இந்தா. நான் சரியா பன்னெண்டுக்கு வெளிய போயிருவேன். ஒண்ணே கால் ஆவும்.”

“தொழுகைக்கா பாய்?”

“தொழுவ பன்னெண்டரைக்குத்தான். இருந்தாலும் பன்னெண்டுக்கே போயிருவேன்.” சிரித்தார், கண் சிரிக்கவில்லை. “அந்த ஒரு மணி நேரம் என்னோட ட்யூட்டி இல்ல பிள்ள. அது வேற ஆளு பாக்காரு.”

“பாய், என்னப் பயங்காட்டுதீயளா?”

“நீ படிச்ச பிள்ள, உனக்கென்ன பயம்? மூக்கப் பொத்திக்கோ, அது போதும்.” செருப்பை மாட்டிக்கொண்டு வாழைகளுக்கு நடுவே போய்விட்டார்.

நிரலைப் பற்றி அறியாதவர்களுக்கு இங்கே இரண்டு சொல் சொல்லியாக வேண்டும். கவனமாகக் கேட்டால் புரியும். நிரல் என்பது மேலிருந்து கீழாக வரிசையாக எழுதப்பட்ட கட்டளைகள். அது ஓடும் வேகத்தைக் கண் பின்தொடராது. ஆகையால், ‘டிபக்கர்’ என்ற பிழைதேடும் கருவியைப் பூட்டி, விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு வரி மட்டும் நகரும்படி செய்வார்கள். நிற்கும் வரியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் அம்பு தெரியும். ஒரு வரி வேறொரு பகுதியைக் கூப்பிட்டால், எஃப் பதினொன்று என்ற விசை அம்பை அந்தப் பகுதிக்குள் இறக்கும். உள்ளே நடப்பதை வரிவரியாகப் பார்த்த பிறகு, அம்பு மேலே, கூப்பிட்ட இடத்துக்கே வந்து சேரும்.

எல்லாப் பகுதிக்குள்ளும் இறங்கி ஏற யாருக்கும் பொறுமை இல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பகுதியின் தலையில், சதுர அடைப்புக்குறிக்குள், ‘டிபக்கர் ஸ்டெப் த்ரூ’ என்ற குறிப்பை எழுதிவிட்டால், நிரல் வழக்கம்போல் ஓடும். உள்ளே செய்வதையெல்லாம் செய்யும். அம்பு மட்டும் உள்ளே இறங்காது. வாசலைக் கடந்து அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு முழுத் தொகுப்பின் தலையில் எழுதினால், அதில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கும் இனிமேல் யார் கொண்டுவந்து செருகினாலும் அதற்கும் சேர்த்து அது பொருந்தும்.

மீட்டரிலிருந்து எண்ணை வாங்கிவரும் தொகுப்பின் தலையில் அந்தக் குறிப்பை எழுதியவள் ஃபெபிதான். ஐந்து வருடம் முன்பு, நாற்பது குட்டிக் கட்டளைகள் மட்டுமே அதில் இருந்த காலத்தில். ஒவ்வொன்றுக்குள்ளும் அம்பு இறங்கி ஏறுவது அவளுக்குச் சலிப்பாக இருந்தது. குறிப்பைப் போட்டாள்; பக்கத்தில் தன் பெயரையும் தேதியையும் ஒழுங்காக எழுதினாள். அதன்பிறகு அந்தத் தொகுப்பை அவள் திறந்ததே இல்லை. தான் எழுதியது, தனக்குத் தெரியாதா? அம்பு போகாத இடத்தைக் கண்ணும் பார்ப்பதில்லை.

அன்று டிபக்கரைப் பூட்டினாள். பன்னிரண்டு ஐந்து. ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். மீட்டரிடம் எண் கேட்கும் வரியில் எஃப் பதினொன்றை அழுத்தினாள். அம்பு தாண்டிப் போயிற்று. வந்த எண் பாயின்ட் மூன்று. வரம்புக்குள். ஒப்பிடும் வரி சரி. மணியடிக்கும் வரி சரி. பம்பை நிறுத்தும் வரி சரி. இரண்டாம் முறை ஓட்டினாள். பாயின்ட் மூன்று. மூன்றாம் முறை. பாயின்ட் மூன்று.

நாற்றமோ துப்பட்டாவைத் துளைத்துக்கொண்டு வந்தது. நாக்கில் படிந்தது. இரும்பு வலைக்குக் கீழே ஏதோ ஒன்று வழவழவென்று சுவரில் உரசும் சத்தம்... துணியாக இருக்கும். மீட்டர் கெட்டிருக்கலாம் என்று நினைத்தாள். அது வேறு ஒருவர் பொறுப்பு. சான்றில் கேட்டிருப்பது நிரலைப் பற்றி மட்டும். நிரலில் பிழையில்லை. அது உண்மைதானே?

தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பேனாவைத் திறந்தாள். பன்னிரண்டேகால்.

கீழே, கிணற்றுக்குள், இரும்பில் கால் வைக்கும் சத்தம் கேட்டது.

டங்.

ஒன்றே ஒன்று. நிமிர்ந்தாள். திரையில், எண் கேட்கும் வரியில் மஞ்சள் அம்பு இல்லை. அவள் விசையைத் தொடவில்லை. ஒரு கை பேனாவில், மறு கை மூக்கில். அம்பு அவள் போட்ட குறிப்பைத் தாண்டி, அதற்குக் கீழே, அவள் ஒருநாளும் கண்டிராத ஒரு பகுதியின் முதல் வரியில் நின்றது.

டங்.

அம்பு ஒரு வரி இறங்கிற்று.

அவசரமில்லை. வயதான ஒருவர், கம்பியைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு காலை வைத்து, உறுதி செய்துகொண்டு, அடுத்த காலை எடுப்பதைப்போல... டங். ஒரு வரி. கொஞ்சம் நின்றது. மூச்சு வாங்குவதுபோல. டங். இன்னொரு வரி. சத்தம் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஆழத்திலிருந்து வந்தது.

ஃபெபி வாசித்தாள். வாசிக்காமல் இருக்க முடியவில்லை. மீட்டர் தந்த உண்மையான எண்ணை அந்தப் பகுதி கையில் வாங்கியது: ஆறு பாயின்ட் இரண்டு. வரம்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு. டங். வரம்பைத் தாண்டியதா என்று கேட்டது. தாண்டியது. டங். அப்படியானால் அந்த எண்ணைத் தூக்கி எறி. டங். கடைசியாக வந்த நல்ல எண்ணைத் தேடு. டங். தேடியது, ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் பின்னால் போயிற்று. பாயின்ட் மூன்று. டங். அதையே இன்றைய எண்ணாகக் கொடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘பம்பு அடிக்கடி நிற்கிறது. தற்காலிக ஏற்பாடு. சி.ச.’ தேதி மூன்று வருடத்துக்கு முந்தியது.

பதினோரு ஊர்க் குழந்தைகள் குடித்த ஒவ்வொரு குவளையிலும் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஏமாற்றுக்கு வாசலில் திரை கட்டிக்கொடுத்தவள் அவள். திரையில் பெயரையும் எழுதிவைத்திருந்தாள்.

எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாறு. பதினேழு. பதினெட்டாவது வரியில், எண்ணைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில், அம்பு நின்றது. கீழே சத்தமும் நின்றது.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

டிபக்கரின் முறை தெரிந்தவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும். பகுதி முடிந்தால் அம்பு கூப்பிட்ட வரிக்குத் திரும்ப வேண்டும். அதாவது... மேலே வர வேண்டும்.

அம்பு மறைந்தது. மேல் வரியில் தோன்றியது.

அவள் முதுகுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில், ஈரக்கால் ஒன்று பதிந்தது. பிறகு இன்னொன்று. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நனைந்த துணி தரையில் இழுபடும் ஓசை, பைய, பைய, நாற்காலிவரை வந்து நின்றது. நாற்றம் இப்போது அறையில் இல்லை. அவள் கழுத்துக்குப் பின்னால், ஒரே இடத்தில், சூடில்லாத மூச்சாக இருந்தது. மேசைமேல் விரித்திருந்த சான்றுத் தாளில் ஒரு துளி விழுந்தது. பழுப்பு நிறம். கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்துக்குள் சரியாக.

ஃபெபி திரும்பிப் பார்க்கவில்லை. தைரியத்தாலோ பயத்தாலோ என்று அவளுக்கே தெரியாது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், குரல் வந்த அளவுக்குச் சொன்னாள்:

“பாத்துட்டேன் அண்ணாச்சி. எல்லா வரியும் பாத்துட்டேன். நான் பாக்கலன்னு இனிமே சொல்ல மாட்டேன்.”

அந்த மூச்சு விலகியது. சொட்டும் ஓசை நின்றது.

அவள் வெளியே ஓடி வாழை மூட்டில் வாந்தியெடுத்தாள். சேக் முகம்மது ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தபோது, பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், கடையில் வாங்கியது.

“பாய், கிணத்துக்குள்ள எறங்குத இரும்புப் படி... அதுல யாரு ஏறி எறங்குனா இப்ப?”

“படியா?” அவர் முகம் சுருங்கிற்று. “படி ஏது பிள்ள? அவரு மவுத்தான மறுநாளே, இனி ஒருத்தனும் எறங்கக்கூடாதுன்னு வெல்டிங் ஆள வச்சு அறுத்து எடுத்தாச்சே. பதினெட்டுக் கம்பியும் அந்தா, பின்னால குப்பையிலல்லா கெடக்கு.”

ஒழுங்கானவள் என்றேன் அல்லவா? அவள் திரும்ப உள்ளே போனாள், அவரையும் வாசலில் நிற்கவைத்துக்கொண்டு. வலை பூட்டியபடியே இருந்தது. தரை காய்ந்திருந்தது. தொகுப்பின் தலையில் அவள் போட்ட குறிப்பு ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. மறுபடி ஓட்டினாள். எஃப் பதினொன்றை அழுத்தினாள். அம்பு உள்ளே இறங்கவில்லை, தாண்டிப் போயிற்று. பத்து முறை அழுத்தினாள். பத்து முறையும் தாண்டிப் போயிற்று. அதற்கப்புறம்தான் தொகுப்பைத் தன் கையாலேயே திறந்து பார்த்தாள். பதினெட்டு வரிகளும் அங்கே இருந்தன.

ஐந்து மணிக்கு முன்பாகவே பாளையங்கோட்டைக்கு வந்து, சிவசங்கரனின் மேசைமேல் அந்தப் பதினெட்டு வரியை அச்செடுத்து வைத்தாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அருவருப்பு. காப்பியை ஆற்றிக்கொண்டே பேசினார். “துணி அடச்சா மீட்டரு கண்டபடி காட்டும். பம்பு நிக்கும். பதினோரு ஊருலயும் கொடத்தத் தூக்கிட்டு ரோட்டுல உக்காருவாவ. யாரு பதில் சொல்ல? நான் ஊரு நல்லதுக்குப் பண்ணேன்.”

“துணிய எடுக்கச் சொல்லிருக்கலாமே சார்.”

“ஏம்மா, பெரிய யோக்கியம் பேசுத. மேல போட்டிருக்க குறிப்பு யாரோடது? ஒம் பேருல்லா இருக்கு! அஞ்சு வருசமா அதுக்குள்ள என்ன கெடக்குன்னு எட்டிப் பாத்தியா? நான் அங்கன எழுதுனதே, நீ பாக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான். ரெண்டு பேரும் ஒரே குட்டையிலதான் நிக்கோம். இதுல நீ மட்டும் மூக்கப் பொத்துத.”

“ஆமா சார். ஒரே குட்டைதான்,” என்றாள் ஃபெபி. “அதனாலதான் வாக்குமூலத்துல எம் பேர மொதல்ல எழுதப்போறேன்.”

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

மறுநாள், பதினெட்டாம் தேதி, விசாரணை அதிகாரி பிருந்தாவிடம் தன் கைப்பட எழுதிய வாக்குமூலத்தைக் கொடுத்தாள். தான் குறிப்பைப் போட்டது, அதன் மறைவில் பிறர் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பொய்யெண் காட்டப்பட்டது, அருமைநாயகம் சொன்ன மூன்று முறையும் அவர் சொன்னதே உண்மை என்பது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தாள். கடைசியில், ‘பிழை கண்டறியப்பட்டபோது உடனிருந்தோர்’ என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஃபெபி. அருமைநாயகம்.

பிருந்தா கண்ணாடியைக் கழற்றினார். “என்ன இது? அவர் எறந்து முப்பத்தஞ்சு நாள் ஆவுதே. சேக் முகம்மதுன்னு எழுத வந்தீங்களா?”

“பாய் வெளிய இருந்தாவ மேடம்.”

“அப்ப அடிச்சிருங்க.”

“அடிக்க மாட்டேன் மேடம்.” பிருந்தா நீட்டிய பேனாவை ஃபெபி வாங்கவில்லை. “நாலு நாளு முந்தி அவிய வீட்டுக்காரி கேட்டப்ப, என் புரோகிராம் பொய் சொல்லாதுன்னு சொன்னேன். நான் தனியா இருந்திருந்தா நேத்தும் அதத்தான் எழுதிக் குடுத்திருப்பேன். இத நான் மட்டும் கண்டுபிடிச்சேன்னு எழுதினா அது பொய். ஒரு பொய்யத் திருத்த வந்துட்டு இன்னொண்ண எழுதச் சொல்லாதீய.”

பிருந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

நவம்பர் எட்டாம் தேதி முடிவு வந்தது. அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்துவது என்றும், புதுக் கிணறு தோண்டும்வரை பதினோரு ஊர்களுக்கும் லாரியில் தண்ணீர் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. அருமைநாயகம் பணியிலிருக்கும்போது, கடமையைச் செய்யப்போய் இறந்தார் என்று பதிவாயிற்று. குடி என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. முத்துராணிக்கு வேலை கொடுக்கப்பட்டது. ஆற்றுப் பக்கம் வேண்டாம் என்று அவள் கேட்டபடி, தாலுகா அலுவலகத்தில். சிவசங்கரனின் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் ரத்தாயிற்று. அவர்மேல் வழக்கு நடக்கிறது. ஃபெபிக்கு எழுத்து மூலமான கண்டனம். அவள் அதை ஏற்றுக் கையெழுத்திட்டாள்.

வாக்குமூலத்தைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது பெயரை அடிப்பதில்லை. அப்படியே இருக்கட்டும் என்று எழுதினார்கள். ஆனால் அந்தப் பெயர் இருக்கும் தாளைக் கோப்போடு சேர்த்துக் கட்டக்கூடாது, தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாரம் ஒருமுறை உறையை மாற்ற வேண்டும். மூன்று நாள் வெயிலில் வைத்துப் பார்த்தும் அந்தத் தாள் காயவில்லை. மற்றத் தாள்கள் நனைகின்றன.